மலாக்காத் தோட்டங்களில் மக்கள் கருத்து உருவான வரலாறு

மக்கள் கருத்து என்பது தானே முளைத்துத் தானே வளரும் காட்டுச் செடியன்று. அதற்கு விதையிடுவோர் உண்டு. நீர் பாய்ச்சுவோர் உண்டு. வேலி அடைப்போரும் உண்டு. ஆட்சி, கட்சி, செய்தித்தாள், வானொலி ஆகியவை இப்பணிகளைத் தம்முள் பகிர்ந்துகொள்கின்றன. ஆயினும் விதை விழும் மண்ணின் இயல்பு ஒன்று உண்டு. அம்மண் மக்களின் அன்றாடப் பட்டறிவு. வெளியிலிருந்து வந்த சொல்லும் உள்ளிருந்த பட்டறிவும் எங்கே கூடின, எங்கே மோதின என்பதை ஆராய்ந்தால், ஒரு சமுதாயம் எவ்வாறு சிந்தித்தது என்பது புலனாகும். மலாக்கா மாநிலத்துத் தோட்டத் தமிழரும் பட்டணத் தமிழரும் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாக விளங்குகின்றனர்.

தோட்டமும் அதன் வாயிலும்

மலாயாவின் வணிக ரப்பர் வரலாறு மலாக்காவில்தான் தொடங்கிற்று. டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீன வணிகர் 1890ஆம் ஆண்டுகளில் புக்கிட் லிந்தாங்கிலும், பின்னர் புக்கிட் ஆசகானிலும் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியாக ஆள் வந்தது. லயங்கள் எழுந்தன. கோயிலும் கள்ளுக்கடையும் அவற்றை ஒட்டி வந்தன.

தோட்டம் தனியார் நிலம். வெளியார் உள்ளே நுழையத் துரையின் இசைவு வேண்டும். ஆகவே உலகச் செய்தி தொழிலாளியை அடைய வேண்டுமானால் அது சில வாயில்களைக் கடந்தாக வேண்டும். முதல் வாயில் துரை, அடுத்த வாயில் கிராணி, அதற்கடுத்தது கங்காணி. பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் சொல்லப்படுவதே அரசு ஆணையாகவும் செய்தியாகவும் இருந்தது. கூலி குறைந்தால் அது உலகச் சந்தையின் விளைவு என்பார்கள். மறுத்துக் கேட்பதற்கு வேறொரு செய்தி அவனிடம் இல்லை. கருத்து வேறுபடுவதற்கு முதலில் வேறு தகவல் வேண்டும் என்னும் உண்மையை இந்நிலை நமக்கு உணர்த்துகிறது.

இந்த மூடிய உலகில் ஒரு சாளரம் திறந்தது. 1920ஆம் ஆண்டுகளில் வந்த தொழிலாளர் சட்டங்களை ஒட்டித் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. பள்ளி சிறிது, வசதி குறைவு, ஆசிரியரோ பெரும்பாலும் ஒருவரே. ஆனால் அவ்வொருவர் எழுத்தறிந்தவர். தொழிலாளிக்கு வந்த கடிதத்தைப் படித்துக் காட்டியவரும், ஊருக்கு மறுமொழி எழுதிக் கொடுத்தவரும், பிற்பகலில் செய்தித்தாளை உரக்கப் படித்தவரும் அவரே. ஒரு தாளைப் பலர் செவியால் படித்தனர். எனவே விற்பனையான படிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அக்காலத் தமிழ் ஏடுகளின் வலிமையை அளந்தால் பிழையான முடிவுக்கே வருவோம்.

ஏடுகள் எழுந்த காலம்

இப்பகுதியில் தமிழ் இதழியல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1887ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றிய சிங்கை நேசன் அதற்குச் சான்று. எனினும் அவ்வேடுகள் துறைமுகப் பட்டணத்து வணிகரையும் கற்றோரையுமே எண்ணி எழுதப்பட்டன. 1924ஆம் ஆண்டில் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தமிழ் நேசனைத் தொடங்கினார். 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் தமிழ் முரசு எழுந்தது, கோ. சாரங்கபாணி அதன் உயிர்நாடியாய் விளங்கினார். இவ்விரு ஏடுகளுக்கும் இடையில், 1929ஆம் ஆண்டின் இறுதியில், பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்து சென்றார். பழைமையாளர் அவர் வருகையை எதிர்த்தனர். சீர்திருத்தம் விழைந்தோர் வரவேற்றனர்.

இக்காலத்தில்தான் தோட்டத் தமிழர் ஒரு புதுமையைக் கண்டனர். ஒரே பொருளைப் பற்றி இரண்டு தமிழர் இரண்டு விதமாக அச்சில் வாதிடக்கூடும் என்பதே அது. சாதி, கோயில் நுழைவு, திருமண முறை, கள் ஆகியவை பற்றி லயத்து வாசலில் வாதம் நிகழ்ந்தது. துரையின் சொல்லும் கங்காணியின் சொல்லும் மட்டுமே ஒலித்த இடத்தில் மூன்றாவது குரலும் நான்காவது குரலும் கேட்கலாயின. கருத்துரிமைக்கு வித்து அங்கே இடப்பட்டது எனலாம்.

கிள்ளானில் எழுந்த அலை

அச்சுச் சொல் செயலாக மாறியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம். அதனை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் தமிழ் நேசனில் பணியாற்றிய பத்திரிகையாளர். போர்க்காலத்தில் ரப்பர் விலை உயர்ந்தது. தொழிலாளியின் கூலியோ உயரவில்லை. நாள் கூலியை 60 காசாக உயர்த்துக என்று தொழிலாளர் கேட்டனர். அதனோடு அவர்கள் நிற்கவில்லை. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர்.

இறுதிக் கோரிக்கையை ஆசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டும். வயிற்றுக்காகக் கேட்பவன் கூலி உயர்வோடு நின்றிருப்பான். மிதிவண்டியிலிருந்து இறங்க மறுப்பவன் மானத்தைக் கேட்கிறான். தன்மதிப்புப் பற்றிப் பத்தாண்டுக் காலம் ஏடுகளிலும் மேடைகளிலும் எழுந்த பேச்சு இக்கோரிக்கைக்கு நாவளித்தது. ஆனால் அவமானத்தை ஏடு படைக்கவில்லை; அது முன்பே அவன் நெஞ்சில் இருந்தது. ஏடு அதற்கு ஒரு பெயரிட்டது. பெயர் பெற்ற துன்பமே கோரிக்கையாக மாறும்.

1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிர் துறந்தனர். எழுதியவனை அகற்றினால் எழுந்த கருத்தும் அகன்றுவிடும் என்று ஆட்சி எண்ணியது. சொல்லுக்கு விடையாகச் சிறையையும் கப்பலையும் பயன்படுத்தும் வழக்கத்தைத் தமிழர் அன்று நேரிற்கண்டனர்.

போர்க்காலத்தின் இரண்டு பாடங்கள்

1942 சனவரியில் மலாக்கா ஜப்பானியர் கைப்பட்டது. வெளிநாட்டு வானொலியைக் கேட்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. செய்தி முழுவதும் ஓர் ஊற்றிலிருந்தே வந்தது. அக்காலத்தில் தோட்டத் தமிழர் இரண்டு வகையான அழைப்புகளைக் கேட்டனர்.

முதலாவது சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்கான அழைப்பு. குறுகிய கால வேலை, நல்ல கூலி, இலவசப் பயணம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. தோட்டங்களில் வேலை நின்று பசி பெருகியிருந்த காலம் அது; பலர் நம்பிச் சென்றனர். சென்றவர் திரும்பவில்லை. அச்செய்தி மெல்லக் கசிந்ததும் விளம்பரம் பயனற்றுப் போயிற்று. பின்னர் ஆட்களை வளைத்துப் பிடித்தனர். மலாயாத் தமிழர் பல்லாயிரவர் அப்பாதையில் மடிந்தனர். பொய்ச் செய்தி மனிதரைக் கொல்லும் என்பது நம்மவர்க்கு உருவகம் அன்று, வரலாறு.

இரண்டாவது நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அழைப்பு. 1943 சூலையில் அவர் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். வானொலியும் ஏடுகளும் மேடையும் அவர் குரலைத் தோட்டம் வரை கொண்டுசென்றன. பால் மரம் வெட்டிய இளம்பெண்கள் ஜான்சிராணிப் படையில் சேர்ந்தனர். இதுவும் பரப்புரையே, ஜப்பானிய ஆட்சியின் இசைவோடு நிகழ்ந்ததே. ஆயினும் ‘கூலி’ என்று அழைக்கப்பட்டவரை வீரர் என்று அழைத்த குரல் அது. போர் முடிந்தது, படை கலைந்தது, ஆனால் நிமிர்ந்த முதுகு மீண்டும் வளையவில்லை. போருக்குப் பிந்தைய தொழிற்சங்க எழுச்சியில் அதன் தடத்தைக் காணலாம். பரப்புரை அனைத்தும் ஒரே தன்மையது என்று ஒதுக்கிவிடுதல் வரலாற்று நோக்கன்று. அது மனிதனைச் சிறுமைப்படுத்துகிறதா, உயர்த்துகிறதா, இறுதியில் அவனுக்கு என்ன விட்டுச் செல்கிறது என்று கேட்டல் வேண்டும்.

அவசரகாலமும் ‘வெள்ளைப் பகுதி’யும்

1947 அக்டோபர் 20ஆம் நாள் மலாயா முழுவதும் கடையடைப்பு நடைபெற்றது. கூட்டரசு அமைப்புத் திட்டத்தை எதிர்த்து எழுந்த அவ்வியக்கத்தின் முன்னணியில் மலாக்காவைச் சேர்ந்த டான் செங் லோக் நின்றார். பல இனத்தார் ஒருங்கே குரல் எழுப்பிய நாள் அது. எட்டு மாதத்திற்குள், 1948 சூனில், அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

ஆட்சி அப்போது வெறும் தடையோடு அமையவில்லை, பேசவும் தொடங்கிற்று. 1946ஆம் ஆண்டில் தொடங்கிய மலாயா வானொலி தமிழிலும் ஒலித்தது. தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. தகவல் இலாகாவின் திரைப்பட வண்டிகள் திடலுக்கு வந்தன. ஒரு பாட்டு, ஒரு நாடகம், இடையில் ஓர் அறிவிப்பு என்னும் முறை அன்றே வகுக்கப்பட்டது. செய்தியை மட்டும் தந்தால் மக்கள் கலைந்துவிடுவர். களிப்போடு கலந்து தந்தால் அமர்ந்து கேட்பர் என்பதை ஆட்சியாளர் அறிந்திருந்தனர்.

இதனினும் நுட்பமான ஒரு முறை மலாக்காவில்தான் முதன்முதல் கையாளப்பட்டது. 1953 செப்டம்பர் 3ஆம் நாள், டெம்ப்ளர் மலாக்காவின் கரையோரப் பகுதி ஒன்றை ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவித்தார். ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கே தளர்த்தப்பட்டன. அரிசியை அளந்து வாங்கிய குடும்பம் விரும்பியவாறு வாங்கியது. எந்தச் சொற்பொழிவும் சாதிக்காததை அத்தளர்வு சாதித்தது. தம் பகுதியும் வெள்ளைப் பகுதியாக வேண்டும் என்று பக்கத்து ஊரார் விரும்பினர். கருத்தை மாற்றச் சொல் மட்டும் கருவியன்று. வாழ்க்கை நிலையே மிகப் பெரிய சொல். எனினும் அவ்வுரிமைகளைப் பறித்ததும் அதே ஆட்சி என்பதை மறத்தலாகாது. பறித்ததைத் திருப்பித் தருவதே கொடையாகக் காட்சியளித்தது.

‘தமிழ் எங்கள் உயிர்’

மேலிருந்து கீழே வந்த கருத்துகளையே இதுகாறும் கண்டோம். கீழிருந்து மேலே சென்ற கருத்துக்கும் சான்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் முயற்சி 1950ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. ஆய்ந்து கருத்துரைக்க அழைக்கப்பட்ட நீலகண்ட சாத்திரியார் சமற்கிருதத்திற்கு முதன்மை தரப் பரிந்துரைத்தார். மலாயா இந்தியரிற் பெரும்பாலோர் தமிழர். அவர்தம் மொழி பின்தள்ளப்படலாமா என்று சாரங்கபாணி தமிழ் முரசில் வினவினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழக வாயிலை ஒருநாளும் மிதித்திராத தோட்டத் தொழிலாளியும் தன் வெள்ளியை ஈந்தான். 1956ஆம் ஆண்டில் துறை தொடங்கியபோது தமிழுக்கு உரிய இடம் கிடைத்தது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு வந்தது; நம் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் பலர் அங்குப் பயின்றனர்.

இவ்வியக்கத்தின் வெற்றிக்கு மூன்று காரணங்கள் உண்டு. கோரிக்கை தெளிவானது, நன்கொடை சிறியது, ஆகவே எவரும் பங்குகொள்ளக் கூடியது, விளைவு கண்ணாற் காணத்தக்கது. ஏடு இங்கே மக்களை வெறும் வாசகராக நடத்தவில்லை; உரிமையாளராக நடத்தியது.

விடுதலைச் செய்தியும் குடியுரிமைக் கெடுவும்

1956 பிப்ரவரி 20ஆம் நாள், இலண்டன் பேச்சுவார்த்தையை முடித்துத் திரும்பிய துங்கு அப்துல் ரகுமான், மலாக்கா பண்டா இலிர் திடலில் விடுதலை நாளை அறிவித்தார். பழைய மலாக்காச் சுல்தானியத்தின் நினைவு தங்கிய ஊரைத் தேர்ந்ததே ஒரு கருத்துருவாக்கம். இழந்த இடத்தில் மீட்சியைக் கூறுவது நெஞ்சில் ஆழப் பதியும் அன்றோ?

அடுத்த ஆண்டு விடுதலை வந்தது. அதனோடு குடியுரிமை விதிகளும் வந்தன. விடுதலைக்கு முன் இந்நாட்டில் பிறந்தவர் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்வு இன்றியே குடியுரிமை பெற இயன்றது. ஒரு சமுதாயத்தின் பல தலைமுறைகளைத் தீர்மானிக்கும் செய்தி அது. ஏடுகள் எழுதின, கட்சியினரும் தொழிற்சங்கத்தினரும் எடுத்துரைத்தனர். செய்தி சென்ற தோட்டங்களில் மக்கள் படிவம் நிரப்பினர். ஆனால் எல்லாத் தோட்டங்களுக்கும் அது ஒரே வலிமையோடு செல்லவில்லை. சென்ற இடத்திலும், ‘ஊருக்குத் திரும்பிவிடுவோம்’ என்னும் பழைய நினைவு சிலரைத் தடுத்தது. பிறப்புச் சான்று இன்மை வேறு சிலரைத் தடுத்தது.

விலை பின்னர் தெரிந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெறவேண்டியதாயிற்று. 1969ஆம் ஆண்டுக்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் நாட்டைவிட்டுச் சென்றனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. வாழ்நாள் முழுவதும் பால் மரம் வெட்டியவர் சிவப்பு அடையாள அட்டையோடு கப்பலேறினர். காலத்தில் வந்து சேராத செய்தி, வராத செய்திக்கு ஒப்பாகும்.

இவ்விடத்தில் 1967ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றையும் நினைவுகூர்தல் தகும். புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளர் தம் குறைகளை முறையிடக் கோலாலம்பூர் வரை நடந்தே சென்றனர். தமிழர், சீனர், மலாய்க்காரர் அவ்வணியில் இணைந்து நடந்தனர். ஏடு நம் கையில் இல்லாதபோது நெடுஞ்சாலையையே ஏடாக்கலாம் என்று அவர்கள் காட்டினர். வழியில் நின்று பார்த்தவர் அனைவரும் அதன் வாசகர்.

கட்சிக்கு ஏடு, ஏட்டுக்குக் கட்சி

1970ஆம் ஆண்டுகளிலிருந்து நிலை மாறிற்று. 1971ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தமும் நிந்தனைச் சட்டமும் சில பொருள்களைப் பொது விவாதத்திற்கு அப்பால் வைத்தன. 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் ஏடுகள் ஆண்டுதோறும் உரிமம் பெறவேண்டும் என்றது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வரை அவ்வாண்டுக் கெடு நீடித்தது. அடுத்த ஆண்டை எண்ணி அஞ்சும் ஆசிரியர் எழுதும் முன்னரே தம் எழுத்தைத் தாமே வெட்டிவிடுவார். அதற்குத் தணிக்கை அதிகாரி தேவையில்லை.

தமிழ் ஏடுகளுக்கு மற்றொரு கட்டும் இருந்தது. ம.இ.கா.வின் உட்பூசல் ஏடுகளின் பக்கங்களிலும் நிகழ்ந்தது. தமிழ் நேசன் கட்சித் தலைவர் சாமிவேலு குடும்பத்தார் பொறுப்பில் இருந்தது. 1981ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் ஓசை துணைத் தலைவர் சுப்பிரமணியத்தின் தரப்புக் குரலாகக் கருதப்பட்டது. ஒரே கூட்டத்தை ஓர் ஏடு மாபெரும் வெற்றி என்றது. மற்றோர் ஏடு வெறும் இருக்கைகள் என்றது. தோட்டத்து வாசகன் இரண்டையும் வாங்கிப் படித்தால் உண்மையை உய்த்துணரலாம். ஒன்றை மட்டும் படித்தால் ஓர் அணியின் ஆளாவான். பலர் ஒன்றையே படித்தனர்.

அக்காலத்தில் சமுதாயத்தின் பொருளாதார மீட்சி என்று எடுத்துரைக்கப்பட்டது மைக்கா நிறுவனம். 1982ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அதற்கு, ஏறத்தாழ 66,000 பேரிடமிருந்து 106 மில்லியன் ரிங்கிட் முதலீடு திரண்டது. மேடையும் ஏடும் ஒரே குரலில் அழைத்தன. நகையை அடகுவைத்துப் பங்கு வாங்கிய தொழிலாளர் உண்டு. ஆண்டுகள் சென்றன, எதிர்பார்த்த வளம் வரவில்லை. 2010ஆம் ஆண்டில் ஒரு ரிங்கிட் பங்கு 80 சென் விலைக்குத் திரும்பப் பெறப்பட்டது. ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. இரண்டிலும் ஏழை ஈந்தான். இரண்டிலும் ஏடு அழைத்தது. முன்னதில் ஏடு கேள்வி கேட்பதில் தொடங்கிற்று. பின்னதில் கேள்வி கேட்கவேண்டிய காலத்தில் ஆர்வத்தையே பெரிதும் வளர்த்தது. ஆர்வத்தைத் தூண்டும் ஏடு கணக்கையும் கேட்டால்தான் மக்கள் நலம் காக்கப்படும்.

தாள் குறைந்து திரை பெருகிய காலம்

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் இடம் விட்டன. லயத்து மக்கள் பட்டணத்து விளிம்பில் குடியேறினர். உரக்கப் படிக்கும் வழக்கம் மறைந்தது. 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி நிகழ்ந்தது. கைப்பேசிக் குறுஞ்செய்தியும் இணையமும் வாய்மொழியும் மக்களைத் திரட்டுவதில் பெரும்பங்கு ஆற்றின. 2008 மார்ச் 8ஆம் நாள் தேர்தலில் ஆளும் கூட்டணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது, ம.இ.கா. தலைவரும் சுங்கை சிப்புட்டில் தோல்வியுற்றார். உரிமத்திற்கு உட்பட்ட ஏடும் வானொலியும் மட்டுமே மக்கள் கருத்தைத் தாங்கி நின்ற காலம் முடிந்தது என்பதை அது உணர்த்தியது. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 94 ஆண்டுகள் வாழ்ந்த தமிழ் நேசன் தன் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது.

வாயிற்காப்போர் போய்விட்டனர், ஆகவே உண்மை தடையின்றி வரும் என்று சிலர் மகிழ்ந்தனர். ஆனால் பொய்க்கும் தடை இல்லை. முன்பு ஒரு தாளைப் பலர் கூடிக் கேட்டனர், ஐயம் எழுந்தால் அங்கேயே வினவினர், படித்தவர் விளக்கினார். இன்று ஒவ்வொருவரும் தனித்திருந்து திரையைப் படிக்கின்றனர். அனுப்பியவர் உறவினர் என்பதற்காகவே செய்தியை நம்புகின்றனர். கூடிக் கேட்ட செவிகளுக்கு இருந்த பாதுகாப்பு தனித்துப் படிக்கும் கண்களுக்கு இல்லை.

ஆசிரியர் கடமை

வரலாறு நமக்குக் காட்டுவன இவை. மக்கள் கருத்து ஏமாற்றப்படக்கூடியது. ஆயின் நெடுங்காலம் ஏமாற்றப்படுவதில்லை. இரயில் பாதை விளம்பரத்தை முதலில் பொய்யாக்கியது எந்த ஏடும் அன்று. திரும்பி வராத கணவனுக்காகக் காத்திருந்த மனைவியே. ஆனால் பட்டறிவு மெல்லக் கற்பிக்கும் ஆசான். அதன் கட்டணம் மிகுதி. அக்கட்டணத்தைக் குறைப்பதற்கே கல்வி இருக்கிறது.

மலாக்காவில் இன்று 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் சில தாம் பிறந்த தோட்டம் மறைந்த பின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அங்கே பயிலும் மாணவன் பாடநூலைப் பிழையின்றிப் படிப்பது போதாது. இச்செய்தியைச் சொன்னவர் யார்? இதனால் பயன்பெறுவோர் யார்? சொல்லாமல் விட்டது எது? வேறு ஏடு இதனை எவ்வாறு கூறுகிறது? இந்நான்கு வினாக்களையும் எழுப்ப அவன் பழக வேண்டும். யார் கூறினும் பொருளின் மெய்ம்மையை ஆராய்க என்பது வள்ளுவர் நெறி. இக்காலத்தில் பொருளை ஆராய்வதற்கே கூறியவரையும் ஆராய வேண்டியுள்ளது.

வாரம் ஒரு நாள் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய இரண்டு செய்திகளை வகுப்பில் ஒப்பிட்டுப் படிக்கச் செய்தால் போதும்; பெருஞ்செலவு வேண்டியதில்லை. அன்று லயத்து வாசலில் தாளை உரக்கப் படித்த தோட்டத்து ஆசிரியர், எழுத்தறியாதவர்க்குக் கண்ணாக இருந்தார். இன்று எழுத்தறிந்த மாணவர்க்கு ஐயறவு நீக்கும் அறிவைத் தருவது அவர் வழிவந்தோர் கடமை. அக்கடமை நிறைவேறும் அளவுக்கே நம் மக்களின் கருத்து நம் மக்களுடையதாக இருக்கும்.